ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுத் தந்தவர்: யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்



நடராஜப் பெருமான் சந்நிதியில் கை கூப்பி நிற்கும் நாம், அவர் நிற்கும் விதத்தை எத்தனை தடவை கவனித்திருப்போம்? வலது திருவடியை முயலகன் மேல் ஊன்றி, இடது திருவடியைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்றல்லவா எம்பெருமான் ஆடுகிறார்! மாங்காட்டில் காமாட்சி அம்மை தீயின் நடுவே ஒற்றைக் காலில் தவம் இருந்த வரலாறும் நமக்குத் தெரிந்ததே. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை ஊருக்குப் போனபோது பார்த்திருப்பீர்கள். அது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதே சிற்பத்தில் ஒரு பூனையும் அதே கோலத்தில் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள். பல்லவச் சிற்பியின் குறும்பு அது!

ஒற்றைக் காலில் நிற்கும் இந்த நிலைக்கு யோக நூல்களில் விருட்சாசனம் என்று பெயர். விருட்சம் என்றால் மரம். இடது தொடையின் மேற்பகுதியில் வலது பாதத்தை வைத்து, மரம்போல் நிலத்தில் நிற்க வேண்டும் என்று கேரண்ட சம்ஹிதை என்ற பழைய நூல் கூறுகிறது.

இன்று நாம் வாழும் நாடுகளில் மூலைக்கு மூலை யோகா வகுப்பு நடக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இந்த மர ஆசனத்தைக் கற்றுக்கொண்டு வந்து நமக்குச் செய்து காட்டுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வெள்ளைக்கார ஆசிரியை சொல்லித் தந்தார் என்கிறார்கள். அந்த ஆசிரியைக்கு அவருடைய ஆசிரியர், அவருக்கு இன்னொருவர் என்று பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் ஒரே வீட்டு வாசலில் போய் நிற்போம். கடல் கடக்காமலே உலகெங்கும் யோகத்தைப் பரப்பியவர் அவர். அந்தப் பெரியவர் தமது கடைசி முப்பத்தேழு ஆண்டுகளைக் கழித்த இடம் நம் சென்னைப் பட்டினம். அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இவ்விதழில் அவருடைய வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணமாச்சாரியார் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் சித்ரதுர்கா பகுதியைச் சேர்ந்த முசுகுந்தபுரம் என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச தாத்தாச்சாரியார். தாயார் ரங்கநாயகம்மா. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்துத் தந்த நாதமுனிகளின் வம்சத்தில் வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பத்தின் மரபு.

மகனுக்குச் சிறு வயதிலேயே உபநயனம் செய்வித்து, வேதமும் வடமொழியும் கற்பித்தார் தந்தையார். ஆனால் மகனுக்குப் பத்து வயதாகும்போது அவர் காலமாகிவிட்டார். குடும்பம் மைசூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பரகால மடத்தில் சிறுவனின் படிப்பு தொடர்ந்தது. ஊன்றி நின்ற காலை இழந்து, மற்றக் காலில் நிற்கப் பழக வேண்டிய நிலை அந்தச் சிறுவனுக்கு அப்போதே வந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் இது பின்னரும் நேர்ந்தது.

பதினாறு வயதில் அவர் நம் தமிழ்நாட்டுக்கு, பொருநை நதிக்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை வந்தார். நம்மாழ்வார் வீற்றிருந்த புளியமரம் நிற்கும் திருத்தலம் அது. அங்கே ஒரு மாந்தோப்பில் தம்மை மறந்த நிலையில் நாதமுனிகளின் தரிசனம் கிடைத்தது என்றும், மறைந்து போனதாகக் கருதப்பட்ட யோகரகசியம் என்ற நூலை அவர் ஓதக் கேட்டதாகவும் பின்னாளில் கிருஷ்ணமாச்சாரியார் சொல்லியிருக்கிறார். நம்புபவர்களுக்கு அது அருள். மற்றவர்களுக்கு அது ஓர் இளைஞனின் உள்ளத்தில் விழுந்த விதை. எப்படிக் கொண்டாலும், அவருடைய யோக வாழ்வின் வேர் அந்தத் தமிழ் மண்ணில்தான் இறங்கியது.

காசியும் இமயமும்

1906இல் காசிக்குச் சென்று தர்க்கமும் வடமொழி இலக்கணமும் பயின்றார். மைசூருக்குத் திரும்பி வேதாந்தம் கற்று, 1914இல் மறுபடியும் காசிக்குப் போனார். அந்த இரண்டாம் பயணத்தில் கையில் காசில்லை. வடநாட்டுத் துறவிகளின் வழக்கப்படி நாளொன்றுக்கு ஏழு வீடுகளில் மட்டுமே கையேந்துவார். கிடைத்த கோதுமை மாவை நீரில் பிசைந்து சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படித்தார். ஆறு தரிசனங்களிலும் தேர்ச்சி பெற்றார் என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

ஏட்டுப் படிப்பு போதவில்லை. யோகத்தைச் செய்து அறிந்த குருவைத் தேடினார். இமயத்துக்கு அப்பால், மானசரோவர் பக்கத்தில் ராமமோகன பிரம்மசாரி என்ற யோகியாரிடம் சுமார் ஏழரை ஆண்டுகள் பயின்றதாக அவரே பின்னாளில் சொன்னார். அந்தக் குருநாதர் மனைவி மக்களோடு வாழ்ந்தவர். பயிற்சி முடிந்து குருதட்சிணை பற்றிக் கேட்டபோது, ஊருக்குத் திரும்பி மணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று, இல்லறத்தில் இருந்துகொண்டே யோகத்தைக் கற்பிக்க வேண்டும் என்று அவர் பணித்தாராம்.

இந்தக் கட்டளையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. அவ்வளவு கற்ற ஒருவருக்குக் கல்லூரிகளில் பெரிய பதவி காத்திருந்தது. பரகால மடத்தின் பீடாதிபதியாக வரும்படியும் அவரைப் பலமுறை அழைத்தார்கள். குருவின் வாக்கை எண்ணி எல்லாவற்றையும் மறுத்தார். 1925இல் நாமகிரியம்மாளை மணந்தார். யோகம் சோறு போடவில்லை. ஹாசன் பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக, அரைக்கால் சட்டையும் தொப்பியும் அணிந்து கையில் பிரம்போடு வேலை பார்த்தார் அந்தப் பண்டிதர்! ஓய்வு நேரத்தில் ஊர் ஊராகப் போய் யோகம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். 1927இல் அப்படி ஒரு நிகழ்ச்சியைக் கண்டு மாணவராகச் சேர்ந்த சிறுவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற பட்டாபி ஜோயிஸ்.

மைசூர் அரண்மனையில்

அப்போதைய மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கலையையும் கல்வியையும் போற்றியவர். கிருஷ்ணமாச்சாரியாரை மைசூருக்கு அழைத்து ஆதரித்தார். 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் அவருக்கென்று ஒரு யோகசாலை அமைந்தது. அரச குடும்பத்துப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே பயின்றார்கள். 1934இல் யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார். அது 1938இல் தமிழிலும் வெளிவந்தது.

அவருடைய முறையின் உயிர் மூச்சில் இருந்தது. கையை உயர்த்தும்போது மூச்சு உள்ளே வரவேண்டும். குனியும்போது வெளியே போக வேண்டும். மூச்சு தடுமாறினால் அந்த ஆசனம் கைவரவில்லை என்று பொருள். ஒற்றைக் காலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் உண்மை புரியும். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் சில கணங்களில் சாய்ந்துவிடுவோம். மூச்சு சீராக ஓடினால் கால் தானாக நிலைப்படும்.

1934இல் நாமகிரியம்மாளின் தம்பி மைசூருக்கு வந்தான். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து இளைத்துப்போன பையன். அவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்கார். 1937இல் மைத்துனரின் சொற்படி புனேக்குச் சென்று கற்பிக்கத் தொடங்கினார். 1966இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி உலகெங்கும் பரவிய யோக நூலில் முதல் ஆசனம், இரு காலிலும் நேராக நிற்கும் தாடாசனம். இரண்டாவது ஆசனமே நமது விருட்சாசனம்!

ஐரோப்பாவில் பிறந்த இந்திரா தேவி என்ற பெண்மணியும் யோகசாலைக்கு வந்தார். பெண்ணுக்கும் அந்நிய நாட்டவருக்கும் கற்பிக்க கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்தார். மகாராஜா எடுத்துச் சொன்ன பின் ஏற்றுக்கொண்டார். உணவிலும் நேரத்திலும் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தார். அந்த அம்மையார் எல்லாவற்றையும் கடைப்பிடித்து, குருவின் மனத்தை மாற்றினார். பிற்பாடு அவரைக் கற்பிக்கச் சொன்னவரும் அதே குருதான். 1947இல் இந்திரா தேவி அமெரிக்காவில் ஹாலிவுட் நகரில் யோகப் பள்ளி தொடங்கினார். இன்று நம் மகள்மார் அச்சமின்றி யோகா வகுப்புக்குப் போகிறார்கள் என்றால், அந்தக் கதவு திறந்த விதம் இது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மைசூர்க் காலத்துக் கிருஷ்ணமாச்சாரியார் மிகக் கண்டிப்பானவர். அவர் எதிரில் நிற்கவே மாணவர்கள் நடுங்குவார்கள் என்றும், அடியும் விழும் என்றும் ஐயங்கார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரியோரின் வரலாற்றை எழுதும்போது அவர்கள் குறைகளையும் எழுதுவதே முறை. ஏனெனில் இவர் பின்னர் மாறினார். அந்த மாற்றமே இந்த வரலாற்றில் நாம் பெறவேண்டிய பாடம்.

அறுபதுக்கு மேல் புது வாழ்வு

1940இல் மகாராஜா காலமானார். ஆதரவு குறைந்தது. நாடு சுதந்திரம் அடைந்து சமஸ்தானங்கள் மறைந்தன. 1950இல் யோகசாலையே மூடப்பட்டது. அப்போது கிருஷ்ணமாச்சாரியாருக்கு அறுபது வயது கடந்திருந்தது. வீட்டில் பிள்ளைகள். கையில் வேலை இல்லை.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பிரபல சட்ட நிபுணர் சிகிச்சைக்காக அவரைச் சென்னைக்கு அழைத்தார். 1952இல் சென்னை வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஓய்வு பெற வேண்டிய வயதில், புதிய ஊரில், முதலிலிருந்து ஆரம்பித்தார். விவேகானந்தா கல்லூரியில் வகுப்பு எடுத்தார். வீடு தேடி வந்தவர்களுக்குக் கற்பித்தார். பிள்ளைகளுக்குத் துணையாக அறுபது வயதுக்கு மேல் இந்த நாட்டுக்கு வந்து, புதிய தெருவும் புதிய மொழியும் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவருடைய நிலை நன்றாகவே விளங்கும்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் அரண்மனைச் சிறுவர்கள் அல்லர். ஆஸ்துமாக்காரர், இடுப்புவலிக்காரர், கர்ப்பிணிப் பெண், எழுபது வயதுப் பாட்டி என்று பலதரப்பட்டவர்கள். ஒரே பயிற்சியை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. எனவே ஒவ்வொருவராக அமர்த்தினார். நாடி பார்த்தார். உணவு, தூக்கம், வேலை, மனக்கவலை எல்லாவற்றையும் கேட்டறிந்தார். பிறகே பயிற்சி வகுத்தார். ஆசனத்துக்காக மனிதர் வளைய வேண்டியதில்லை, மனிதருக்குத் தக்கபடி ஆசனமே மாற வேண்டும் என்பது அவருடைய கொள்கையாகக் கனிந்தது. மைசூரில் பிரம்பு தாங்கிய ஆசான், சென்னையில் வைத்தியர் ஆனார்.

அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். 1960களின் தொடக்கத்தில் வடக்கே வேலைக்குப் போக இருந்த நேரம். ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், வெற்று மார்பும் திருமண்ணுமாக நின்ற பெரியவரை ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஆசாரமான வீடு! மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லாண்டுகளாகத் தூக்கமின்றித் தவித்த அந்த அம்மையார் முந்தைய இரவு மருந்து இல்லாமல் தூங்கினாராம். அதற்கான நன்றி அது. மேல்நாட்டு மருத்துவம் தீர்க்காததைத் தந்தையார் எப்படித் தீர்த்தார் என்ற வியப்பில், மகன் வேலையை விட்டுவிட்டு மாணவரானார். இதைத் தேசிகாச்சாரே பலமுறை கூறியிருக்கிறார். 1976இல் தந்தையார் பெயரால் அவர் சென்னையில் நிறுவியதே கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்.

நிற்க முடியாத நாளில்

தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் பயிற்சியை விடவில்லை. ஆனால் தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்யச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார்.

(இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் சொல்லும் அறுவை சிகிச்சையைத் தள்ளிவிட வேண்டாம். இன்றைய மருத்துவம் இடுப்பு முறிவுக்கு விரைவான சிகிச்சையையே வற்புறுத்துகிறது.)

நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. உலகத்துக்கு ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுத் தந்தவர் இப்போது இரு காலிலும் நிற்க முடியாமல் படுத்திருந்தார். முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சொன்ன அதே கொள்கையைத் தமக்குப் பொருத்திக்கொண்டார். கால் இல்லையென்றால் கை. கை இல்லையென்றால் மூச்சு. மூச்சோடு நாராயண நாமம். படுக்கையிலிருந்தே கற்பித்தார். 1988இல் நூறாவது பிறந்தநாள் கண்டார். 1989 பிப்ரவரி 28ஆம் நாள் திருநாடு அலங்கரித்தார். அவருடைய பெயர்பெற்ற சீடர்களான இந்திரா தேவி 2002இலும், பட்டாபி ஜோயிஸ் 2009இலும், ஐயங்கார் 2014இலும், தேசிகாச்சார் 2016இலும் மறைந்தார்கள். அவர்கள் நட்ட மரங்கள் இன்றும் நிழல் தருகின்றன.

நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது

பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் முதியோரைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் கேள்விப்படுகிறோம். அதன்பின் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே இந்த ஆசனம் அழகுக்காகச் செய்வது மாத்திரம் அன்று.

நம்மை விழாமல் காப்பவை மூன்று: கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. வயது ஏற ஏற மூன்றும் மங்கும். பழகினால் தடுமாற்றம் குறையும். 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க இயலாதவர்களிடையே மரண விகிதம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நிற்க முடியாததே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. உடலின் நிலையைக் காட்டும் ஒரு கண்ணாடி என்று கொள்ளலாம்.

செய்யும் முறை எளிது. சுவருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கவும். இரு பாதங்களிலும் எடையைச் சமமாக வைத்து நாலைந்து மூச்சு விடவும். பிறகு எடையை ஒரு காலுக்கு மாற்றி, மற்றப் பாதத்தைக் கணுக்காலின் உட்புறம் வைக்கவும். கட்டைவிரல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பழகியவர்கள் தொடையின் உட்புறம் வரை பாதத்தை உயர்த்தலாம். முழங்காலின் பக்கவாட்டில் மட்டும் அழுத்தக் கூடாது. எதிரே அசையாத ஒரு பொருளைப் பார்க்கவும். மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தவும். விட்டபடி இறக்கவும். பின்பு கால் மாற்றவும். தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை, கடும் மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

நின்று பார்த்தால் ஒன்று தெரியும். பாதம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. இப்படியும் அப்படியும் சிறிது சிறிதாகச் சரி செய்துகொண்டே இருக்கிறது. மரமும் அப்படித்தான். காற்றில் அசையும், வேரால் நிற்கும். தந்தையை இழந்து, அரசரை இழந்து, கடைசியில் காலையும் இழந்த ஒரு மனிதர் நூறு ஆண்டு விழாமல் நின்றதும் இப்படியே.

நம் வீடுகளில் நிற்க முடியாத பெரியவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு இது இல்லை என்று விட்டுவிட வேண்டாம். நாற்காலியில் அமர்த்தி, மூச்சை இழுக்கும்போது கையை உயர்த்தவும், விடும்போது இறக்கவும் சொல்லுங்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று ஆடட்டும். பாட்டி நாற்காலியில் இருந்தபடி மூச்சை எண்ணட்டும். அந்தப் பெரியவர் பார்த்தால் இரண்டையும் ஒரே ஆசனம் என்றே சொல்லியிருப்பார்.

அடியார்கள் அனைவரும் உடல்நலமும் மனநலமும் பெற்று, தம் காலிலேயே நடந்து திருக்கோயிலுக்கு வந்து வழிபட எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.

சுபம்.